என்ன அடிக்கலாம் என்று கேட்கும் முன்: வாசகர் கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வரியில் முடிகின்றன: "என்ன மருந்து அடிக்கலாம்?" பினாங்கின் பத்து பெரிங்கியில் ஒரு கடற்கரை விடுதியின் தோட்டத்தில் 27 வருடம் வேலை செய்தேன். நான் சேர்ந்தபோது பூச்சிக்கொல்லி வைக்கும் அலமாரி இரண்டு தட்டு நிறைய இருந்தது. ஓய்வு பெற்றபோது அதில் மூன்று புட்டிகள்தான் இருந்தன. தோட்டம் முன்பைவிட நன்றாகவே இருந்தது. அந்த அலமாரி எப்படிக் காலியானது என்பதுதான் கீழே உள்ள பதில்களில் பெரும்பகுதி.

அக்கா, பாயான் லெப்பாசில் எங்கள் அடுக்குமாடியின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். தோட்டத்துக்கு மாதம் ஒரு முறை மருந்தடிக்கக் குத்தகை கொடுத்திருக்கிறோம். இரண்டு வருடமாக அடித்தும் வேலியோரச் செம்பருத்தியில் வெள்ளைப் பூச்சி போகவில்லை, கூடிக்கொண்டே வருகிறது. குத்தகைக்காரர் மாதம் இரண்டு முறை அடிக்கலாம் என்கிறார். சம்மதிக்கலாமா?

சம்மதிக்காதீர்கள் தம்பி. இரண்டு வருடம் அடித்தும் கூடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அடிப்பதால்தான் கூடுகிறதோ என்பது என் சந்தேகம்.

நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது மாவுப்பூச்சி. பஞ்சு ஒட்டியதுபோல நுனித் தளிரில் அடைந்து கிடக்கும். இலை சுருண்டு முண்டுமுண்டாகிவிடும். செம்பருத்தி என்றால் அதற்கு விருந்து. 1960-இல் தேசிய மலராக அறிவித்ததிலிருந்து பள்ளி, அலுவலகம், குடியிருப்பு என்று எங்கே பார்த்தாலும் வரிசை வரிசையாகச் செம்பருத்தி நடுகிறோம். ஒரே செடி நூறடி நீளத்துக்கு இருந்தால், பூச்சி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடையில்லாமல் போகும்.

மாவுப்பூச்சியின் உடம்பில் மெழுகுப் பூச்சு உண்டு. மேலே தெளிப்பது அதில் உருண்டு ஓடிவிடும். முட்டைகள் பஞ்சுப் பைக்குள் பத்திரமாக இருக்கும். ஆனால் மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டுக்கும், அதன் உடம்புக்குள் முட்டையிடும் கடுகைவிடச் சிறிய குளவிக்கும் அந்தச் சட்டை கிடையாது. ஒவ்வொரு மாதமும் முதலில் சாவது அவைதான். பூச்சி சில வாரங்களில் மீண்டுவிடுகிறது. தின்ன வந்தவை மீள்வதற்கு அதிக நாள் வேண்டும். அதற்குள் அடுத்த முறை அடிக்க ஆள் வந்துவிடுகிறார்.

இது நம் நாட்டிலேயே பார்த்துத் தெரிந்துகொண்ட விஷயம். 1960-களின் தொடக்கத்தில் சபாவின் கொக்கோ தோட்டங்களில் பூச்சித் தொல்லை தாங்க முடியாமல் விதவிதமாக அடித்துக்கொண்டிருந்தார்கள். அடிக்க அடிக்கப் புதுப் புதுப் புழுக்கள் வந்தன. கோர்டன் கான்வே என்ற இளம் பூச்சியியலாளர், எல்லாவற்றையும் கொல்லும் அந்தத் தெளிப்பை நிறுத்திப் பாருங்கள் என்றார். நிறுத்தினார்கள். குளவிகள் திரும்பி வந்தன, பெரும்பாலான பூச்சிகள் தாமே அடங்கின. தோட்ட நிர்வாகி ஒருவருக்கு அப்படி நிறுத்த எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. உங்கள் குழுவுக்கு அவ்வளவு துணிச்சல்கூடத் தேவையில்லை, உங்களிடம் இருப்பது ஒரு வேலிதான்.

முதல் வேலையாகச் சுருண்ட நுனிகளை வெட்டிக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, இரண்டு நாள் வெயிலில் வைத்துவிட்டுக் குப்பைக்கு அனுப்புங்கள். உரக்குழியில் போட வேண்டாம். மிச்சத்துக்கு, குழாயில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி இலையின் அடிப்புறத்தைக் கழுவுங்கள், வாரம் இரண்டு முறை, மூன்று வாரம். தைப்பூசத்தை ஒட்டி மழையில்லாமல் தூசி படியும் நாள்களில் மாவுப்பூச்சியும் சிலந்திப்பேனும் பெருகும். அப்போது இந்தக் கழுவலை இன்னும் அடிக்கடி செய்யலாம்.

அப்புறம் எறும்பு. இதை யாரும் கவனிப்பதில்லை. மாவுப்பூச்சி விடும் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், பொறிவண்டு வந்தால் கடித்து விரட்டும். எறும்பு வரிசை எங்கிருந்து ஏறுகிறது என்று பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். போரிக் பவுடர் அரை மேசைக்கரண்டி, சீனி எட்டு மேசைக்கரண்டி, ஒரு குவளை வெந்நீர். இதைக் கரைத்துப் பஞ்சில் நனைத்து, மூடியில் துளையிட்ட சிறு டப்பாவுக்குள் வைத்து அந்த வழியில் வையுங்கள். பிள்ளைகளும் பூனையும் தொடாத இடமாக இருக்கட்டும். எறும்பு போனபின் பொறிவண்டு தன் வேலையைச் செய்யும்.

ஒரு எச்சரிக்கை. மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள், அதைப் போலவே வெள்ளையாக, நூல் நூலாகத் தொங்கும் ஒன்று விறுவிறுவென நடந்தால் அதை நசுக்காதீர்கள். சில பொறிவண்டுகளின் குஞ்சு அப்படித்தான் இருக்கும். என் ஆள்கள் ஒரு காலை முழுவதும் பொறுப்பாக அவற்றைப் பொறுக்கி நசுக்கியிருந்தார்கள். நான் சொல்லிக் கொடுக்காமல் விட்டது, அவர்கள் மேல் குறையில்லை.

வேலியில் இடையிடையே வேறு பூச்செடியும் நடுங்கள். புங்கா புக்குல் லாப்பான் தெரியும்தானே, காலை எட்டு மணிவாக்கில் விரியும் பூ. செம்பனைத் தோட்டங்களில் சாலையோரம் அதை அழகுக்கு நடுவதில்லை. செம்பனை இலையைத் தின்னும் உலாட் புங்குஸ் என்ற கூட்டுப்புழுவைக் கொல்லும் குளவிகளுக்கு அந்தப் பூத்தேன் உணவு. தோட்டத் துரைமார் கணக்குப் பார்த்துத்தான் நடுகிறார்கள்.

கடைசியாகக் குத்தகைத் தாள். "மாதம் ஒரு முறை தெளிப்பு" என்ற வரியை அடித்துவிட்டு, "வாரம் ஒரு முறை பார்வையிடுதல், தேவைப்பட்டால் மட்டும் காரணத்தை எழுதிக் கொடுத்துத் தெளிப்பு" என்று மாற்றச் சொல்லுங்கள். பணம் கொஞ்சம் கூடக் கேட்பார்கள். பார்க்கத் தெரிந்த கண்ணுக்குக் கொடுக்கும் கூலி அது, கொடுக்கலாம்.

எங்கள் வீட்டுக் கறிவேப்பிலையில் பச்சைப் புழுக்கள். தளிரில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது. சமையலுக்குப் பறிக்கும் செடி, என்ன அடிக்கலாம்? (வாசகி, பட்டர்வொர்த்)

ரசத்தில் போடும் இலை, தங்கச்சி. கடையில் வாங்கிய எந்தப் பூச்சிக்கொல்லியும் அதன் பக்கம் போக வேண்டாம்.

புழுவும் அந்த வெள்ளையும் இரண்டு வேறு விஷயங்கள். புழு, வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம்போல இருக்கும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். விரலால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்புபோல ஒன்றை நீட்டி நாற்றம் விடும். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஆளுயரச் செடியில் நாலைந்து புழு தின்று போனால் செடிக்கு ஒன்றும் ஆகாது. கன்றாக இருந்தால் மட்டும் கையால் எடுத்து, இருப்பதில் பெரிய செடிக்கு மாற்றிவிடுங்கள். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் தவிர வேறு செடியில் விட்டால் பட்டினி கிடந்து சாகும்.

தளிரில் உள்ள வெள்ளைதான் கவலை. தாய்ப்பூச்சி எள்ளளவுதான் இருக்கும், வாலைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்கார்ந்திருக்கும். குஞ்சுகள் மஞ்சளாக, வெள்ளை நூல் விட்டுக்கொண்டு தளிர்க் கணுவில் கூட்டமாக இருக்கும். சில்லிட் என்று சொல்வார்கள். கறிவேப்பிலையின் உயிரை அது எடுக்காது, தளிரைத்தான் சுருட்டும். ஆனால் அதே பூச்சி லீமாவ் கஸ்தூரிக்கும் மற்ற எலுமிச்சை வகைகளுக்கும் இலை மஞ்சளாகிக் காய் கோணிப்போகும் ஒரு நோயைக் கொண்டுபோகும். அந்த நோய்க்குத் தீர்வு கிடையாது, மரத்தை எடுக்கத்தான் வேண்டும். வேலிக்கு நடும் கெமுனிங் செடியும் இந்தப் பூச்சிக்குப் பிடித்த வீடு. அதனால் கஸ்தூரிச் செடியை ஆசையாக வளர்ப்பவர்கள், பக்கத்திலேயே கறிவேப்பிலையோ கெமுனிங்கோ வைக்காமல் முடிந்தவரை தள்ளி வையுங்கள்.

உங்களுக்குச் செய்ய வேண்டியது எளிது. பூச்சி அடைந்த தளிர்களை ஒரே நாளில் கிள்ளிப் பையில் கட்டிப் போடுங்கள். அடுத்த தளிர் வரும்போது மூன்று நாளுக்கு ஒரு முறை தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். யூரியாவைக் குறையுங்கள். யூரியா அதிகமானால் இளந்தளிர் அதிகமாகும், அந்தத் தளிருக்குத்தான் பூச்சி வருகிறது.

ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டு முன்னால் பெரிய ஆங்சானா மரம். அடிமரத்தில் பழுப்பாகத் தட்டுப்போல ஒரு காளான். ஓரத்தில் வெள்ளைக் கோடு. பூசணக்கொல்லி ஊற்றினால் சரியாகுமா?

ஆகாது ஐயா. வெளியே தெரிவது நோயின் கடைசிப் பகுதி. காளான் தட்டு வெளியே வரும்போது உள்ளே வேரிலும் அடிமரத்திலும் கட்டை ஏற்கெனவே உளுத்திருக்கும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கானோடெர்மா என்ற பூசண வகையாக இருக்கலாம். மேலே ஊற்றுவது அதைச் சென்று சேராது. ஊற்றியது மழையில் கால்வாய்க்குப் போய், அங்கிருந்து கடலுக்குப் போகும்.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு பார்த்தவர். வெள்ளை வேர் நோய் வந்த மரத்தைச் சுற்றிக் குழி வெட்டி, வேர் வேறு மரத்தைத் தொடாமல் பிரித்துவிடுவார்கள் என்று சொல்வார். பழைய அடிக்கட்டையை மண்ணில் விட்டுவிட்டுக் கன்று நட்டால் கன்றும் போகும் என்பதும் அவர் சொன்னதுதான். வேர்நோய் வேர் வழியாக, புதைந்த கட்டை வழியாகப் பரவும். தெருவோர மரங்களிலும் இப்படித்தான்.

காளானைத் தட்டிவிடாதீர்கள். ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். எந்தப் பக்கம், தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று எழுதி வையுங்கள். மேலே கொப்புகள் காய்கிறதா, இலை சிறுத்திருக்கிறதா, மரம் சாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இவற்றோடு பினாங்குத் தீவு மாநகர் மன்றத்துக்குப் புகார் கொடுங்கள். தெருவோர மரம் அவர்கள் பொறுப்பு. மரம் உங்கள் வளாகத்துக்குள் இருந்தாலும் நீங்களாக ஆள் வைத்து வெட்டிவிட வேண்டாம். 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை வெட்ட எழுத்து மூலம் அனுமதி வேண்டும். அவர்கள் வந்து பார்க்கும்வரை வண்டியை அதன் கீழே நிறுத்தாதீர்கள்.

மற்ற மரங்களை இந்த நிலைக்கு வரவிடாமல் காப்பது நம் கையில் இருக்கிறது. புல் வெட்டும் மெசினின் கயிறு அடிமரத்தில் பட்டுப் பட்டுப் பட்டை உரிவதைப் பார்த்திருப்பீர்கள். கால்வாய் கட்ட, குழாய் பதிக்க வேரை வெட்டுவதையும் பார்த்திருப்பீர்கள். பூசணத்துக்கு அதுதான் வாசல். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குப் புல்லை எடுத்துவிட்டு, காய்ந்த இலைச்சருகைப் பரப்புங்கள். அடிமரத்தை மட்டும் சருகு தொடக்கூடாது. அங்கே மெசினுக்கு வேலையில்லாமல் போகும்.

வேப்பெண்ணெய் எத்தனை கரண்டி கலக்க வேண்டும்? நான் அடித்ததில் இக்சோரா இலையெல்லாம் கருகிவிட்டது. (வாசகர், செந்தூல்)

எனக்கும் இதே நடந்தது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், காலை பதினொரு மணி வெயிலில் ஒரு வரிசை இக்சோராவுக்கு அடித்தேன். நாலு நாளில் இலை பழுப்பாகிவிட்டது. மறுபடி துளிர்க்க இரண்டு மாதம் ஆனது. இயற்கையானது ஒன்றும் செய்யாது என்று யாரோ சொன்னதை நம்பியிருந்தேன்.

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு வேப்பெண்ணெய் ஐந்து மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டி. எண்ணெய் தண்ணீரோடு சேர, மென்மையான திரவ சோப்பு ஒன்றிரண்டு மில்லி. பாத்திரம் கழுவும் கடுமையான சோப்பு வேண்டாம், அதுவே இலையைச் சுடும். முதலில் நாலைந்து இலையில் அடித்து இரண்டு நாள் பாருங்கள். ஒன்றும் ஆகாவிட்டால் சாயங்காலம் வெயில் இறங்கியபின், இலையின் அடிப்புறம் நனையும்படி அடியுங்கள். கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். வாரத்துக்கு ஒரு முறை, மூன்று வாரம் போதும்.

பூ விரிந்திருக்கும் செடியில் அடிக்காதீர்கள், தேனீ வரும். மீன் தொட்டிக்கோ குளத்துக்கோ பக்கத்திலும் வேண்டாம். வேம்பாக இருந்தாலும் பூச்சியைக் கொல்லத்தான் அடிக்கிறோம், அந்த மரியாதையோடு கையாள வேண்டும்.

அக்கா, குளுகோரில் எங்கள் வீட்டில் இரண்டு தென்னை. புதுக் குருத்து விரியும்போது கத்தரிக்கோலால் வெட்டியதுபோல இருக்கிறது. உச்சியில் மருந்து ஊற்ற ஆள் வருகிறார். ஊற்றலாமா?

மட்டை விரியும்போது விசிறியைக் கோணலாக நறுக்கியதுபோல இருந்தால் அது காண்டாமிருக வண்டு. இரவில் வந்து குருத்தைத் துளைக்கும். ஆனால் அது பிறப்பது தென்னையில் கிடையாது. உளுத்த தென்னங்கட்டை, சாணக் குவியல், மக்கிய குப்பை, இங்கேதான் விரல் தடிமனுக்கு வெள்ளைப் புழுவாக மாதக்கணக்கில் வளரும். உச்சியில் விஷம் ஊற்றினால் இன்று இருக்கும் வண்டு சாகலாம். பிறப்பிடம் அப்படியே இருந்தால் நாளைக்கு வேறொன்று வரும். ஊற்றிய மரத்தின் இளநீரை நீங்கள் குடிக்கவும் வேண்டும்.

அதனால் முதலில் உங்கள் வீட்டையும், முடிந்தால் அக்கம்பக்கத்து வீடுகளையும் சுற்றி வாருங்கள். யாராவது தென்னையை வெட்டிக் கட்டையைக் கொல்லையில் போட்டிருக்கிறார்களா? திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படி குற்றம். சிறு துண்டாகப் பிளந்து மெல்லியதாகப் பரப்பிக் காயவிடுங்கள், அல்லது அகற்றச் சொல்லுங்கள். உரக்குழியை மாதம் ஒரு முறை கிளறிப் புழுவை எடுங்கள். கோழி வளர்ப்பவர்கள் கோழிக்குப் போடலாம். மரத்தில், உச்சிக்கு அருகில் உள்ள மூன்று மட்டைகளின் இடுக்கில் வேப்பம் புண்ணாக்கு ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து போடுங்கள். மணல் வண்டின் மூட்டுகளில் சிக்கி அதைத் தொல்லைப்படுத்தும்.

இந்த வண்டைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தி. 1963-இல் அலோயிஸ் ஹூகர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர், இந்த வண்டுப் புழுக்களைக் கொல்லும் ஒரு வைரசை நம் மலேசியாவில்தான் முதன்முதலாகக் கண்டுபிடித்தார். 1967-இல் அதைச் சாமோவாத் தீவுகளில் விட்டார்கள். அதற்குப் பிறகு பசிபிக் தீவுகள் பலவற்றில் தென்னைகள் பிழைத்தன. அந்த வைரஸ் இந்த வண்டு இனத்தைப் பிடிக்கும், நம்மை ஒன்றும் செய்யாது. இதே மண்ணில் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூசணமும் இருக்கிறது. அதுவும் புழுவின் உடம்பில் வளர்ந்து அதைக் கொல்லும். உரக்குழியைக் கிளறும்போது விறைத்துப்போய்ப் பச்சைப் பொடி பூத்த புழு கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். அதை எடுத்து எறியாமல் குழிக்குள்ளேயே விடுங்கள்.

கெப்போங்கில் இருக்கிறேன். பால்கனியில் கெலுலூட் என்ற கொட்டாத தேனீயின் கூடு வைத்திருக்கிறேன். டிங்கி வந்ததாகச் சொல்லிப் புகை அடிக்க வருகிறார்கள். வேண்டாம் என்று சொல்லலாமா?

சொல்லாதீர்கள். டிங்கி உயிரை வாங்கும் காய்ச்சல். நோயாளி உறுதியான இடத்தில் சுகாதாரத் துறை அடிக்கும் புகைக்கு வழிவிடத்தான் வேண்டும், சட்டமும் அதைத்தான் சொல்கிறது. பெரும்பாலும் சாயங்காலம் வருவார்கள். தேனீக்கள் கூட்டுக்குள் திரும்பியதும் வாசலை மெல்லிய வலையால் அடைத்து, ஈரத்துணியால் கூட்டை மூடுங்கள். காற்று முற்றிலும் அடைபடக்கூடாது. புகை அடங்கியதும் துணியை எடுத்துவிடுங்கள். சுற்றியுள்ள செடிகளைத் தண்ணீரால் கழுவிவிட்டு, மறுநாள் காலையில் வலையை எடுங்கள்.

ஆனால் நிர்வாகம் தானாகவே மாதாமாதம் ஆள் வைத்து அடிக்கும் புகை வேறு கதை. அதை எதிர்த்துக் கூட்டத்தில் பேசுங்கள். புகை பறக்கும் கொசுவை மட்டும்தான் கொல்லும், தண்ணீரில் இருக்கும் குஞ்சை ஒன்றும் செய்யாது. கூடவே வண்ணத்துப்பூச்சி, குளவி, பொறிவண்டு எல்லாம் போய்விடும். பிறகு பார்த்தால் தோட்டத்தில் மாவுப்பூச்சி. அதே காசில் ஒருவரை வாரம் ஒரு முறை அனுப்பி, பூச்சட்டித் தட்டு, அடைபட்ட கூரைக் கால்வாய், புரோமீலியாட் செடியின் நடுக்குழி என்று தேங்கிய தண்ணீரைக் கொட்டச் சொல்லலாம். கொட்ட முடியாத இடத்தில் பி.டி.ஐ. என்ற பாக்டீரியாப் பொடி போடலாம். அது கொசுக் குஞ்சைக் கொல்லும், மீனையும் தேனீயையும் தொடாது.

புக்கிட் மெர்தாஜாமில் வீட்டு முன் கல் பதித்த தரை. இடுக்கில் புல். புல் மருந்து எது பாதுகாப்பானது? உப்புப் போடலாமா?

உப்பு வேண்டவே வேண்டாம். மண் வருடக்கணக்கில் கெட்டுவிடும்.

நீங்கள் கேட்ட மருந்தை மலாய்க்காரர்கள் ராச்சுன் ரும்புட் என்கிறார்கள், புல் விஷம். நாம் புல் மருந்து என்கிறோம். சின்ன வயதிலிருந்து நானும் அப்படித்தான் சொன்னேன். மருந்து என்ற சொல் வாயில் இருக்கும்வரை கை பயப்படுவதில்லை. கொஞ்சம் கூட ஊற்றினால் சீக்கிரம் குணமாகும் என்று தோன்றும். விடுதியில் என் ஆள்களிடம் அந்தச் சொல்லை மாற்றினேன். "இன்று விஷம் அடிக்கிறோம்" என்று சொல்ல ஆரம்பித்த பிறகு, அளவுக் குவளையைத் தேடி எடுத்தார்கள்.

உங்கள் தரைக்கு, சோறு வடித்த கொதிநீரே போதும். அல்லது வெறும் வெந்நீர். இடுக்கில் ஊற்றுங்கள், வாரம் கழித்து இன்னொரு முறை. மழை பெய்த மறுநாள் பிடுங்கினால் வேரோடு வரும். பிறகு இடுக்கில் கரடுமுரடான மணலை நிரப்புங்கள். பூப்பாத்தியில் என்றால் ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் உயரத்துக்குச் சருகு. மத்தியானம் புல் விஷம் அடித்துச் சாயங்காலம் மழை வந்தால், அடித்ததெல்லாம் வீட்டுக் கால்வாயில் இறங்கிவிடும். உங்கள் பக்கத்துத் தண்ணீர் ஜூரு ஆற்றுக்குப் போகிறது. அந்த ஆறு கடலில் சேரும் இடத்தில்தான் கெராங் சிப்பி வளர்க்கிறார்கள்.

கடையில் எதை வாங்கினாலும் லேபிளின் அடியில் உள்ள நிறப்பட்டையைப் பாருங்கள். கறுப்பு மிகக் கொடியது. அடுத்து சிவப்பு, மஞ்சள், நீலம், கடைசியில் வெள்ளை. எல்.ஆர்.எம்.பி. என்று தொடங்கும் பதிவு எண் இல்லாத புட்டியைத் தொடாதீர்கள். தண்ணீர்ப் புட்டியில் ஊற்றி விற்பதையும் வாங்காதீர்கள்.

ரோஜா இலையில் கரும்புள்ளி. (வாசகி, ஆயர் ஈத்தாம்)

இலை ஏழு மணி நேரம் ஈரமாகவே இருந்தால் இந்தப் பூசணம் பிடித்துக்கொள்ளும். சாயங்காலம் தலையில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தி, காலையில் அடியில் ஊற்றுங்கள். விழுந்த இலைகளைப் பொறுக்கி எறியுங்கள், சட்டிகளை இடம் விட்டு வையுங்கள். அப்படியும் நிற்காவிட்டால், சாமிக்குப் பூ வேண்டுமென்றால், நந்தியாவட்டை வையுங்கள். நம் ஊர் ஈரம் அதற்கு ஒத்துப்போகும்.

தோட்டத்தில் பெரிய நத்தைகள். நீல நிறக் குருணை வாங்கி வைத்திருக்கிறேன். வீட்டில் நாய் இருக்கிறது.

குருணையைப் போடாதீர்கள். அதில் உள்ள மெட்டால்டிஹைட் நாயைக் கொன்றுவிடும். மழை பெய்த இரவில் டார்ச் விளக்கோடு போய், கையுறை போட்டு அல்லது இடுக்கியால் பொறுக்குங்கள். வெறுங்கையால் தொடக்கூடாது. இந்த நத்தையில் மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணிப் புழு இருக்கலாம். கொதிநீர் வாளியில் போட்டு முடித்துவிடுங்கள். கட்டாயம் குருணை வேண்டுமென்றால் இரும்பு பாஸ்பேட் கலந்தது என்று கேட்டு வாங்குங்கள். கீரையைக் கழுவாமல் சாப்பிட வேண்டாம்.

அக்கா, எங்கள் குடியிருப்பில் மருந்தடிக்க வருபவர் வெளிநாட்டுத் தம்பி. முகமூடி இல்லை, காலில் செருப்பு மட்டும். பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. நான் என்ன செய்யலாம்? (வாசகி, பிரிக்பீல்ட்ஸ்)

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். என் அம்மா தோட்டத்தில் மருந்தடித்தவர். முதுகில் தகரத் தொட்டி, கையில் பம்பு, முகத்தில் துண்டு. பாராகுவாட் என்ற புல் விஷம் அடிப்பார்கள். சாயங்காலம் வந்தால் நகம் நிறம் மாறியிருக்கும், சில நாள் மூக்கில் ரத்தம் வரும். அவர் சட்டையை எங்கள் பள்ளிச் சட்டையோடுதான் ஊறப்போட்டோம். யாரும் சொல்லித் தரவில்லை. 2002-இல் அதைத் தடை செய்வதாக அரசு அறிவித்தபோது அம்மா உயிரோடு இருந்தார். 2006-இல் தடையைத் தளர்த்தினார்கள். முழுத் தடை 2020 ஜனவரி முதல் தேதி வந்தது. அப்போது அம்மா இல்லை.

அந்தத் தம்பியிடம் கோபப்படாதீர்கள், அவர் முதலாளி கொடுத்ததைத்தான் அடிக்கிறார். நிர்வாகத்துக்கு எழுதுங்கள். முகமூடி, கையுறை, முழங்கால்வரை பூட்ஸ், முழுக்கைச் சட்டை ஆகியவற்றைக் குத்தகைக்காரர் கொடுக்காவிட்டால் அன்றைக்குத் தெளிப்பு கிடையாது என்று குத்தகையில் சேர்க்கச் சொல்லுங்கள். காற்று வீசும்போதும், பிள்ளைகள் விளையாடும் நேரத்திலும் அடிக்கக்கூடாது. எந்த நாள், எந்த இடம், என்ன விஷம் என்று முந்தின நாளே மின்தூக்கிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்ட வேண்டும். காலியான புட்டியை மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரைத் தெளிப்புத் தொட்டியிலேயே ஊற்றி, புட்டியில் ஓட்டை போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் யாராவது எடுத்துத் தண்ணீர் பிடிப்பார்கள்.

நீங்கள் இன்றைக்கே செய்யக்கூடியது, அவர் வேலை முடித்ததும் கை கழுவ ஒரு குழாயையும் சோப்பையும் காட்டிவிடுங்கள். சாப்பிடும் முன் கழுவச் சொல்லுங்கள். வேலைச் சட்டையைத் தனியாகத் துவைக்கச் சொல்லுங்கள், மலாயில் சொன்னால் புரிந்துகொள்வார். அடுத்த முறை வரும்போது அவர் கலக்கும் புட்டியின் லேபிளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், நிறப்பட்டை தெரியும்படி. என்னவென்று படித்து அடுத்த இதழில் எழுதுகிறேன்.